கோடு எது என்று முதலில் சொல்லுங்கள்: டைம் ட்ரையல் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

ரேசிங் விளையாட்டுகளைத் தயாரிக்கும் நிறுவனங்களுக்கும், டைம் ட்ரையல் போட்டி நடத்தி லீடர்போர்டை, அதாவது நேர வரிசைப் பலகையை, பராமரிப்பவர்களுக்கும், ட்ராக் மாட் செய்யும் (விளையாட்டுக்குச் சொந்தமாக ட்ராக் உருவாக்கிச் சேர்க்கும்) நண்பர்களுக்கும்,

வணக்கம்.

டைம் ட்ரையல் பந்தயம் அல்ல. பக்கத்தில் கார் கிடையாது, முந்துவதற்கு ஆள் கிடையாது, இடித்துத் தள்ளிவிட்டான் என்று சொல்லவும் வழியில்லை. ஒரு கார், ஒரு ட்ராக், ஒரு கடிகாரம். ஆனாலும் பல விளையாட்டுகளில் டைம் ட்ரையலுக்குள் ஓடிக்கொண்டிருப்பது பந்தயத்துக்கென்று எழுதிய விதிதான். ட்ராக்கின் ஓரக் கோட்டைத் தாண்டினால் முதல் தடவை எச்சரிக்கை, நாலாவது தடவை தண்டனை, வேகத்தைக் குறைத்தால் மன்னிப்பு. பந்தயத்தில் இதற்கெல்லாம் நியாயம் உண்டு. இருபது கார் ஒன்றாக முதல் வளைவுக்குள் புகும்போது யாராவது வெளியே ஒதுங்கத்தான் வேண்டிவரும். தனியாக ஓடும் காரை ஒதுக்க யாரும் இல்லை. அது கோட்டைத் தாண்டினால் ஒன்று பிசகு, இல்லையென்றால் தந்திரம். எதுவாக இருந்தாலும் அந்த லேப் (சுற்று) செல்லாது, அவ்வளவுதான்.

நாங்கள் கேட்பது கண்டிப்பு கூட அல்ல. ட்ராக்மேனியா விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வெட்டிப் போவதே கலை. செக்பாயிண்டுகளைத் தொட்டுவிட்டு எந்த வழியில் வேண்டுமானாலும் வரலாம். அதில் யாருக்கும் குழப்பமில்லை, ஏனென்றால் விதி ஒன்றே ஒன்று, அதுவும் எல்லோருக்கும் தெரிந்தது. எங்களுக்கு வேண்டியதும் அதுதான். எல்லை எது என்பது லேப் தொடங்கும் முன்பே தெரிய வேண்டும். தாண்டியாயிற்றா இல்லையா என்பதை ஓர் அளவு சொல்ல வேண்டும். "நேரம் லாபமானதுபோல் தெரிகிறது" என்கிற ஊகத்துக்கு அதில் வேலையில்லை.

கபடி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புது விஷயமே இல்லை. களத்தின் இரு பக்கமும் ஒரு மீட்டர் லாபி. தொடுதல் நடக்கும் முன் அதில் கால் வைத்தால் அவுட். பிடி விழுந்தபின் அதுவும் களம். அந்தப் போராட்டத்தில் உடம்பின் ஏதாவது ஒரு பகுதி உள்ளே தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும்வரை ஆள் வெளியே போனதாகக் கணக்கில்லை. சிக்கலான விதிதான், ஆனால் விசிலுக்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்த விதி. கார் பந்தயத்தின் விதியும் கிட்டத்தட்ட இதே அச்சில் வார்த்தது. உலகக் கார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ-யின் சர்வதேச விளையாட்டு விதித்தொகுப்பில், பின்னிணைப்பு 'எல்' மூன்று விஷயம் சொல்கிறது: ஓரத்து வெள்ளைக் கோடு ட்ராக்கின் பகுதி. கெர்ப் (வளைவோரத்து மேடான வண்ணப் பட்டை) ட்ராக்கின் பகுதி அல்ல. காரின் எந்தப் பாகமும் ட்ராக்கோடு தொடர்பில் இல்லாத நிலை வந்தால்தான் கார் வெளியே போனதாகும். பாண்டி ஆட்டத்தில் கோட்டை மிதித்தால் அவுட். இங்கே கோட்டை மிதித்தால் பிழைத்தாய்.

இவ்வளவு தெளிவாக எழுதியிருந்தும் நிஜப் பந்தயத்திலேயே என்ன ஆனது என்று உங்களுக்குத் தெரியும். 2021 பஹ்ரைன் எஃப்1 கிராண்ட் பிரீயில் நாலாம் வளைவின் வெளிப்பக்கம் தகுதிச் சுற்றில் கண்காணிக்கப்பட்டது. பந்தயத்தில் லேப் நேரத்துக்காகக் கண்காணிக்கப்படாது என்று குறிப்பு. ஆனால் வெளியே போய் முந்தினால் தப்பு. ஹாமில்டன் சுற்றுக்குச் சுற்று அங்கே அகலமாகப் போனார். கடைசியில் வெர்ஸ்டாப்பன் அதே இடத்தில் வெளியே போய் அவரை முந்தியபோது இடத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஒரே வளைவு, ஒரே வார இறுதி, மூன்று விதமான நீதி. 2023-இல் ஆஸ்திரியாவின் ரெட்புல் ரிங்கில் இன்னும் மோசம்: பார்த்து முடிக்க வேண்டிய சந்தேக நிகழ்வுகள் 1,200-க்கும் மேல். பந்தயம் முடிந்து, ஆஸ்டன் மார்ட்டின் அணி முறையிட்டபிறகு, மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்த்து எட்டு ஓட்டுநர்களுக்குத் தண்டனை சேர்த்தார்கள். அடுத்த வருடம் ஒன்பது, பத்தாம் வளைவுகளின் வெளியோரம் சரளைப் பட்டை போட்டார்கள். பிரச்சினையில் பெரும்பகுதி அதோடு அடங்கியது.

இதில் உங்களுக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. நிஜ உலகில் கேமரா கோணம், நிழல், ஆட்பற்றாக்குறை எல்லாம் உண்டு. உங்கள் கணினிக்கு ஒவ்வொரு சக்கரமும் எங்கே இருக்கிறது என்பது எந்நேரமும் தெரியும். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்?

ஒரு மீட்டரின் விலை என்ன என்று ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம், விதி ஏன் இறுக்கமாக இருக்க வேண்டும் என்பது அப்போதுதான் புரியும். 90 டிகிரி வளைவு, உள்ளோர ஆரம் 20 மீட்டர், ட்ராக் அகலம் 12 மீட்டர். வெளியோரத்திலிருந்து நுழைந்து, உள்ளோரத்தைத் தொட்டு, மறுபடி வெளியோரத்துக்கு விரியும் பாதையின் ஆரம் சுமார் 61 மீட்டர் வரும். பக்கவாட்டுப் பிடிப்பு 2 ஜி (புவியீர்ப்பைப்போல் இரண்டு மடங்கு) என்று வைத்துக்கொண்டால் வளைவில் வேகம் மணிக்கு 124 கி.மீ. சொச்சம். வெளியேறும் பக்கத்தில் மட்டும் ஒரு மீட்டர் கூடுதலாகக் கிடைத்தால் ஆரம் 62.7 மீட்டராகிறது, வேகம் 126 கி.மீ.யைத் தாண்டுகிறது. இரண்டு கி.மீ.கூட இல்லை, இதுக்குப்போய் இத்தனை பேச்சா என்று தோன்றும். ஆனால் அந்த வேகத்தோடுதான் நேர்பாதைக்குள் போகிறோம். அங்கே மணிக்கு 234 கி.மீ. வரை ஏறும் கார் என்றால் நேர்பாதையின் முடிவில் மிச்சம் 0.03-லிருந்து 0.04 விநாடி. இப்படி எட்டு வளைவு உள்ள ட்ராக்கில் 0.3 விநாடி. லீடர்போர்டின் உச்சியில் ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி இடத்தை மாற்றிவிடும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த 0.3 விநாடி முதலிடத்துக்காரரோடு நின்றுபோவதும் இல்லை. கிரான் டூரிஸ்மோ 7-இன் ஆன்லைன் டைம் ட்ரையலில் முதலிட நேரத்திலிருந்து 3 சதவீதத்துக்குள் வந்தால் தங்கம், 5-க்குள் வெள்ளி, 10-க்குள் வெண்கலம். மேலே ஒருவர் ஓட்டையைப் பயன்படுத்தி நேரத்தைக் கீழே இழுத்தால், நேர்மையாக ஓட்டி 3 சதவீதக் கோட்டின் விளிம்பில் நிற்கிறவர் தங்கத்தை இழப்பார். அவர் எந்த வளைவிலும் எதையும் தப்பாகச் செய்யவில்லை.

இனி அளக்கும் விஷயம். "நாலு சக்கரமும் வெளியே போனால் செல்லாது" என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறீர்கள். சக்கரம் என்றால் எந்தப் புள்ளி? பல விளையாட்டுகளில் இயற்பியல் இயந்திரம் சக்கரத்தின் நடுவிலிருந்து கீழ்நோக்கி ஒரு கதிரை விட்டு, அது எந்தப் பரப்பில் படுகிறது என்று பார்க்கும். ஜிடி3 வகைப் பந்தயக் காருக்கான பிரெல்லி டயரின் பெயரளவு அகலம் 325 மி.மீ. நடுப்புள்ளியை மட்டும் பார்த்தால், டயரின் விளிம்பு இன்னும் கோட்டின்மேல் இருக்கும்போதே லேப் ரத்தாகும்: 16 செ.மீ. நஷ்டம். இதோடு கோட்டின் உள்விளிம்பை எல்லையாக வைத்துவிட்டால் கோட்டின் அகலம் இன்னொரு 10 செ.மீ.யையாவது விழுங்கும். ஆக 26 செ.மீ. ஓட்டுகிறவர் ரீப்ளேயை நிறுத்தி, சக்கரம் கோட்டின்மேல் இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு, உங்கள் தீர்ப்பைப் பார்த்துக் கொதிக்கிறார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

தீர்வு கஷ்டமில்லை. டயரின் இரு விளிம்பிலும் ஒவ்வொரு புள்ளி, நாலு சக்கரத்துக்கு எட்டுப் புள்ளி. எட்டில் ஒன்றாவது கோட்டின் வெளிவிளிம்புக்கு உள்ளே இருந்தால் லேப் உயிரோடு இருக்கும். புள்ளிகளைத் தரைக்குச் செங்குத்தாக இறக்கிப் பாருங்கள், டயர் தரையைத் தொடுகிறதா என்று பார்க்காதீர்கள். இத்தாலியின் மோன்சா ட்ராக்கில் முதல் ஷிகேனில் (வேகத்தைக் குறைக்க இடமும் வலமுமாக அடுத்தடுத்து வைத்த வளைவுகள்) கெர்ப்மேல் ஏறும் கார் ஒரு பக்கச் சக்கரங்களைத் தூக்கிவிடும். தூக்கிய சக்கரம் ட்ராக்குக்கு நேர் மேலே மிதக்க, மறுபக்கச் சக்கரம் கெர்ப்பில் நிற்க, "எதுவும் தொடர்பில் இல்லை" என்று விதியை எழுத்துக்கு எழுத்து படிக்கும் நிரல் லேப்பை அழித்துவிடும். அரை விநாடிக்கும் குறைவான மிதப்பு. கண் பார்த்தால் கார் ட்ராக்கில்தான் இருக்கிறது.

எத்தனை தடவைக்கு ஒருமுறை பார்க்கிறீர்கள் என்பதும் முக்கியம். மணிக்கு 250 கி.மீ. என்றால் விநாடிக்கு 69 மீட்டர். விநாடிக்கு 10 தடவை சோதிக்கும் நிரல் ஏழு மீட்டருக்கு ஒருமுறைதான் கண் திறக்கிறது. வளைவின் உச்சியில் ஐந்து மீட்டர் நீளத்துக்கு வெட்டிப் போனவர் இரண்டு சோதனைகளுக்கு நடுவே நழுவிவிடலாம். அடுத்த லேப்பில் அதே இடத்தில் அதே வெட்டைச் செய்தவர் மாட்டுவார். "சில சமயம் பிடிக்குது, சில சமயம் விடுது" என்ற புலம்பல் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது. கணினிப் பந்தய விளையாட்டுகளில் அசெட்டோ கோர்ஸாவின் இயற்பியல் விநாடிக்கு 333 தடவையும், ஐரேசிங்கினுடையது 360 தடவையும் ஓடுகின்றன. எல்லைச் சோதனையையும் அதே வேகத்தில் ஓட்டினால் இடைவெளி 20 செ.மீ. அளவுக்கு வந்துவிடும். எட்டுப் புள்ளியைச் சரிபார்க்க இந்தக் காலத்துக் கணினிக்கு என்ன செலவு?

ட்ராக் மாட் செய்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அசெட்டோ கோர்ஸாவில் எல்லையைத் தீர்மானிப்பது நீங்கள்தான், பலருக்கு அது தெரிவதே இல்லை. ட்ராக்கின் டேட்டா கோப்புறையில் 'சர்ஃபேசஸ்' என்ற ஐஎன்ஐ கோப்பு இருக்கிறது. ஒவ்வொரு பரப்புக்கும் பிடிப்பு எண், அதிர்வு, தூசி என்று வரிகள் இருக்கும். அவற்றில் 'ஈஸ் வேலிட் ட்ராக்' என்ற வரிக்கு 1 போட்டால் அந்தப் பரப்பு ட்ராக். 0 போட்டால் வெளி. மாடலில் ஒரு பரப்பின் பெயர் எண்ணோடு 'ரோடு' என்று தொடங்கினால் அது சாலையின் குணத்தை எடுத்துக்கொள்ளும். வழக்கமான கோளாறு எங்கே வருகிறது என்றால், வளைவுக்கு வெளியே இருக்கும் தார் ரன்-ஆஃபும் (தவறி வெளியேறும் கார் நிற்க விட்ட இடம்) பார்க்கச் சாலை மாதிரியே இருப்பதால் அதையும் 'ரோடு' என்றே பெயரிட்டுவிடுகிறீர்கள். கண்ணுக்கு வெள்ளைக் கோடு தெரிகிறது, நிரலுக்குக் கோடே கிடையாது. பத்து மீட்டர் வெளியே போனாலும் லேப் சுத்தம்.

சரிசெய்ய: ரன்-ஆஃப் பரப்பைச் சாலையிலிருந்து கோட்டின் வெளிவிளிம்போடு சரியாக வெட்டிப் பிரியுங்கள். அதற்குத் தனிப் பெயர் கொடுங்கள். பிடிப்பு எண்ணைச் சாலைக்குச் சமமாகவே விடுங்கள், தார் தார்தானே. செல்லுபடி வரியில் மட்டும் 0. கெர்ப் விஷயத்திலும் கவனம். பல ட்ராக்குகளில் கெர்ப்புக்கு 1 என்றே இருக்கிறது, அதாவது எஃப்ஐஏ விதிக்கு நேர் எதிர். வேண்டுமென்றே வைத்திருந்தால் சரி, ட்ராக்கோடு வரும் குறிப்பில் ஒரு வரி எழுதிவிடுங்கள். புல்லின் பிடிப்பு எண்ணைச் சாலைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். சாலை 0.97 அளவில் இருக்கும்போது புல் 0.6 அளவில் இருந்தால் வெட்டிப் போவதில் லாபமில்லை, ட்ராக்கே தன்னைக் காத்துக்கொள்ளும். புல் 0.9 என்றால் ஷிகேனுக்கு அர்த்தமே போய்விடும். சர்வர் நடத்துகிறவர்கள், எத்தனை டயர் வெளியே போகலாம் என்ற அமைப்பைச் சரிபார்த்து, அந்த எண்ணைப் போட்டி அறிவிப்பிலேயே போடுங்கள். இரண்டு டயர் விதிக்கும் நாலு டயர் விதிக்கும் நடுவே கிட்டத்தட்ட ஒரு காரின் அகலம் இருக்கிறது. மேலே போட்ட கணக்கின்படி வளைவுக்கு 3 கி.மீ. வேகம்.

அடுத்தது, எங்களுக்கு மிகவும் எரிச்சலூட்டும் ஓட்டை: லேப் எங்கே தொடங்குகிறது என்பது. கடிகாரம் தொடங்குவது ஸ்டார்ட் கோட்டில். ஆனால் லேப் உண்மையில் தொடங்குவது அதற்கு முந்தைய வளைவில். மோன்சாவில் கடைசி வளைவான பரபோலிக்காவின் வெளியே 2014-இல் சரளையை எடுத்துவிட்டுத் தார் போட்டார்கள். அதன்பின் அங்கே அகலமாக வெளியேறினால் இழப்பதற்கு ஒன்றுமில்லை, சுமார் 1.1 கி.மீ. நேர்பாதைக்குக் கூடுதல் வேகம் இலவசம். வெளியே போனது பழைய லேப்பின் கணக்கில், லாபம் புது லேப்பின் கணக்கில். பழைய லேப் எப்படியும் வார்ம்-அப் சுற்று, அது செத்தால் யாருக்கு வருத்தம்? கோட்மாஸ்டர்ஸின் எஃப்1 விளையாட்டுகள் இதை நேராகவே அடைத்திருக்கின்றன: லேப்பின் கடைசிப் பகுதியில் வெட்டினால் அடுத்த லேப்பும் செல்லாது. மற்றவர்களும் இதைச் செய்ய வேண்டும்.

ஆனால் செய்யும்போது ஒரு சங்கதியைக் கவனியுங்கள். "கடைசிப் பகுதி" என்பதைக் கடைசி செக்டார் (லேப்பை மூன்றாகப் பிரித்ததில் ஒன்று) முழுவதும் என்று வைத்துவிட்டால் அநியாயம். செக்டாரின் ஆரம்பத்தில் சறுக்கிப் புல்லில் போய் வந்தவருக்கு அடுத்த லேப்பில் எந்த லாபமும் இல்லை, அவர் நடுவில் இன்னும் மூன்று தடவை பிரேக் பிடிக்கிறார். எல்லை இப்படி இருக்கட்டும்: ஸ்டார்ட் கோட்டுக்கு முந்தைய கடைசி பிரேக் இடத்திலிருந்து கோடு வரை. ரெட்புல் ரிங்கில் அது பத்தாம் வளைவு. ஒன்பதில் அகலமாகப் போன வேகத்தைப் பத்துக்குள் கொஞ்சம் கொண்டுபோக முடியும் என்பதால் அங்கே ஒன்பதையும் சேர்க்க வேண்டும். இதை ட்ராக் ட்ராக்காக யாராவது உட்கார்ந்து முடிவு செய்யத்தான் வேண்டும், பொதுச் சூத்திரம் கிடையாது.

செல்லாமல் போன அடுத்த லேப்பைச் சுற்றி முடிக்கும்வரை ஆளைக் காக்க வைப்பதும் தண்டனைதான். ஸ்பாவில் ஒரு முழுச் சுற்று 7 கி.மீ. கடைசி வளைவுக்கு முன்னால், அதே எரிபொருள், அதே டயர் வெப்பத்தோடு காரைத் திரும்ப வைக்கும் ஒரு பொத்தான் கொடுங்கள். பாதிச் சண்டை அதிலேயே தீரும்.

வேகத்தைக் குறைத்தால் மன்னிக்கும் முறையைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. பந்தயத்துக்கு அது நல்ல முறை. டைம் ட்ரையலில் அதை வைத்தால், கெர்ப்பை வெட்டி 0.2 விநாடி சம்பாதித்துவிட்டு, எப்படியும் பிரேக் பிடிக்க வேண்டிய இடத்துக்கு முன்னால் ஆக்சிலரேட்டரைச் சற்று விட்டு 0.1 விநாடியைத் திருப்பிக் கொடுக்கும் கணக்கு தொடங்கிவிடும். இந்தக் கணக்கை நன்றாகப் போடுகிறவர் வேகமாக ஓட்டுகிறவர் அல்ல. தூக்கிவிடுங்கள். செல்லாத லேப்பின் செக்டார் நேரங்களையும் சேர்த்துத்தான் தூக்க வேண்டும். முதல் செக்டாரில் வெட்டின லேப்பின் மூன்றாம் செக்டாரை "உங்கள் சிறந்த செக்டார்" என்று காட்டினால்கூடப் பரவாயில்லை, வெட்டின செக்டாரையே மிக வேகமானது என்று ஊதா நிறத்தில் காட்டும் விளையாட்டும் இருக்கிறது. அதைப் பார்த்து இல்லாத வேகத்தைத் துரத்துகிறவர்கள் பாவம்.

சுவரைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. 2022 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவில் மார்ட்டின்ஸ்வில் நாஸ்கார் பந்தயத்தின் கடைசிச் சுற்றில் ராஸ் சாஸ்டெயின் ஐந்தாம் கியரில் காரைச் சுவரோடு சாய்த்து, முழு ஆக்சிலரேட்டரில் வளைவைச் சுற்றி ஐந்து இடம் முன்னேறினார். அந்தச் சுற்றின் நேரம் 18.845 விநாடி. யோசனை எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்குச் சிறுவயதில் கேம்கியூபில் விளையாடிய நாஸ்கார் 2005 என்றார். அந்த முடிவை நாஸ்கார் ரத்து செய்யவில்லை, அடுத்த வருடம் முதல் அப்படிச் செய்தால் தண்டனை என்று அறிவித்தது. அதுதான் சரியான நடைமுறை: நடந்ததை அன்றைய விதிப்படி விட்டுவிட்டு, ஓட்டையை நாளைக்கு அடைப்பது. டைம் ட்ரையலில் சுவர் உரசலுக்கும் ஓர் எண் தேவை. மொனாக்கோவில் கண்ணாடி உரசும் அளவுக்குச் சுவரை ஒட்டி வருவது திறமை, அதற்கு லேப்பை அழிப்பது கொடுமை. ஆகவே உரசலின் நீளத்தைப் பாருங்கள். கால் விநாடிக்கு மேல் சுவரோடு ஒட்டியிருந்தால், அல்லது மோதலில் காரின் திசை திரும்பினால், லேப் செல்லாது. கால் விநாடி சரியா, அரை விநாடி சரியா என்று வாதாடலாம். எண் வெளியில் தெரிந்திருந்தால் போதும்.

பிறகு அந்தச் செய்தி. "லேப் செல்லாது" என்று திரையில் சிவப்பாக இரண்டு சொல். எந்த வளைவு? எவ்வளவு? காக்பிட்டுக்குள்ளிருந்து பார்க்கிறவருக்குத் தன் பின்சக்கரம் எங்கே இருக்கிறது என்று தெரியாது, தெரியவும் முடியாது. வலது வளைவிலிருந்து வெளியேறும்போது கார் இடப்பக்கம் போகிறது. தீர்ப்பு சொல்லப்போவது வலப்பக்கச் சக்கரங்கள், அவற்றில் எது கடைசியாகக் கோட்டை விட்டது என்பது பக்கவாட்டுச் சறுக்கலைப் பொறுத்தது. இப்படிச் சொல்லுங்கள்: "10-ஆம் வளைவு, வெளிப்பக்கம், 14 செ.மீ. தாண்டல்." கூடவே மேலிருந்து பார்க்கும் ஒரு சின்னப் படம், எட்டுப் புள்ளியும் கோடும் தெரிய. மூன்று முயற்சியில் ஓட்டுகிறவர் 14-ஐப் பூஜ்யமாக்கிவிடுவார். எஃப்ஐஏ-யே 2023 அபுதாபியில் தொடங்கி கணினிப் பார்வையை வைத்து இந்தச் சந்தேக நிகழ்வுகளைச் சலித்தெடுக்க முயன்றது. உங்களிடம் அந்தத் தகவல் ஏற்கெனவே நினைவகத்தில் கிடக்கிறது, திரையில் எழுத வேண்டியதுதான் பாக்கி.

ஃபோர்ஸா விளையாட்டில் ரீவைண்ட் (ஓட்டியதைப் பின்னோக்கிச் சுற்றி மறுபடி ஓட்டும் பொத்தான்) தொட்டால் அந்த நேரத்துக்குப் பக்கத்தில் முக்கோண எச்சரிக்கை ஒட்டிக்கொள்ளும். அந்த யோசனை நல்லது. அழுக்கு லேப்பை மறைக்காமல், சுத்தமானதோடு கலக்காமல் வைக்கும் வழி அது. கற்றுக்கொள்கிறவர்களுக்கு அந்த நேரமும் தேவைப்படும். ஐரேசிங்கின் டைம் ட்ரையலில் ஒற்றை லேப்புக்குப் பதில் தொடர்ச்சியான சுத்த லேப்களின் சராசரி கணக்கில் வருவதும் எங்களில் பலருக்குப் பிடிக்கும். நூறு தடவை முயன்று ஒருதடவை கோட்டைத் தடவிக்கொண்டு தப்பித்த லேப்புக்கு அங்கே மதிப்பு குறைவு. ஆனால் எல்லாப் போட்டியும் அப்படி இருக்க வேண்டும் என்று சொல்லமாட்டோம். ஒற்றை லேப்பின் வெறி தனி.

அப்டேட் வந்து எல்லை மாறும்போது நடப்பதுதான் பெரிய வயிற்றெரிச்சல். ஒரு வளைவின் எல்லையை 30 செ.மீ. உள்ளே தள்ளுகிறீர்கள். பழைய நேரங்கள் அப்படியே பலகையில். இனிமேல் யாரும் எட்ட முடியாத நேரம் மேலே உட்கார்ந்திருக்கும். இல்லையென்றால் மொத்தமாக அழித்துவிடுகிறீர்கள், ஒரு வருட உழைப்பு ஒரு நள்ளிரவில் காலி. இரண்டும் வேண்டாம். பழைய பலகையை அதன் பதிப்பு எண்ணோடு பூட்டி வையுங்கள், பக்கத்தில் புதியதைத் திறங்கள். ஒவ்வொரு நேரத்தோடும் பதிப்பு எண், ஸ்டீயரிங், பிரேக், ஆக்சிலரேட்டர் உள்ளீடுகளோடு கூடிய ரீப்ளே சேமிக்கப்பட வேண்டும். படம் மட்டும் போதாது. ட்ராக்மேனியாவில் பழைய சாதனைகள் சில விளையாட்டின் வேகத்தைக் குறைத்து ஓட்டியவை என்று 2021-இல் அம்பலமானதே, அது ரீப்ளேயில் உள்ளீடுகள் பதிவாகியிருந்ததால்தான் சாத்தியமாயிற்று. உள்ளீடு இருந்தால் எல்லையை மாற்றியபின் பழைய லேப்பைப் புது எல்லையில் மறுபடி சோதித்துக்கூடப் பார்க்கலாம். தேறினால் புதுப் பலகைக்கு மாறட்டும்.

எரிபொருள், டயர், காற்று, ட்ராக் வெப்பம், உதவிக் கருவிகள் ஆகியவற்றை எல்லோருக்கும் ஒன்றாகப் பூட்டிவைப்பது பற்றித் தனியாக எழுத வேண்டியதில்லை, பெரும்பாலோர் செய்கிறீர்கள். செய்யாதவர்கள் செய்யுங்கள். எஃப்1 காரில் 10 கிலோ எரிபொருளுக்குச் சுற்றுக்குச் சுமார் 0.3 விநாடி என்பது வழக்கமான கணக்கு. எட்டு வளைவில் கோட்டைத் தாண்டிச் சம்பாதிப்பதும் அவ்வளவுதான்.

போட்டி அறிவிப்பு எப்படி இருக்கலாம் என்பதற்கு ஒரு மாதிரி வைக்கிறோம். எண்களை மாற்றிக்கொள்ளுங்கள், இடங்களைக் காலியாக விடாதீர்கள்:

"ட்ராக்: ரெட்புல் ரிங். கார்: ஜிடி3. எல்லை: வெள்ளைக் கோட்டின் வெளிவிளிம்பு, எல்லா வளைவுக்கும். கெர்ப் ட்ராக் அல்ல. நாலு டயரின் எட்டு விளிம்புப் புள்ளிகளும் ஒரே நேரத்தில் எல்லைக்கு வெளியே இருந்தால் லேப் செல்லாது. தூக்கிய சக்கரம் அதன் நேர்கீழ்ப் புள்ளியால் கணக்கிடப்படும். எச்சரிக்கை, வேகக்குறைப்பு மன்னிப்பு கிடையாது. 9, 10-ஆம் வளைவுகளில் தாண்டினால் அடுத்த லேப்பும் செல்லாது. பொத்தானை அழுத்தி 9-க்கு முன்னால் திரும்பத் தொடங்கலாம். சுவர்த் தொடர்பு 0.25 விநாடிக்குள் அனுமதி. லேப்பின் நடுவே இடைநிறுத்தம், ரீவைண்ட் பயன்படுத்தினால் செல்லாது. எரிபொருள் 10 லிட்டர், ட்ராக் வெப்பம் 30 டிகிரி, மாறாது. முதல் 50 இடங்களின் ரீப்ளே எல்லோரும் இறக்கிக்கொள்ளத் திறந்திருக்கும். ஆட்சேபம் போட்டி முடிந்த 7 நாளுக்குள், வளைவு எண்ணும் ரீப்ளே நேரமும் குறிப்பிட்டு. போட்டியின் நடுவே எல்லை மாற்றப்படாது. பிழை கண்டால் போட்டி நிறுத்தப்பட்டு, புதிய பலகையில் மீண்டும் நடக்கும்."

சுமார் நூறு சொல். ஒரே திரையில் அடங்கும். லேப் தொடங்கும் முன் காட்டுங்கள்.

இப்படிக்கு,
ஹாட்லேப் ஓட்டுகிறவர்கள் சிலர்

பின்குறிப்பு: 20.8 கி.மீ. நீளமுள்ள ஜெர்மனியின் நார்ட்ஷ்லைஃபே ட்ராக்குக்கு இந்த மாதிரியை அப்படியே போடாதீர்கள். அங்கே பல இடங்களில் கோட்டுக்குப் பக்கத்திலேயே புல், அதற்குப் பக்கத்திலேயே தடுப்பு. எல்லை விதி பெரிதாகத் தேவைப்படுவது கரூசெல் வளைவு போன்ற சில இடங்களில்தான். வளைவு வளைவாகப் பார்த்து, வெட்டினால் லாபம் வரும் இடங்களை மட்டும் பட்டியல் போட்டு அறிவியுங்கள். எட்டு நிமிடம் ஓட்டிய லேப்பை, லாபமே இல்லாத ஒரு புல்வெளி உரசலுக்காக ஏழாவது நிமிடத்தில் அழித்தால் கன்ட்ரோலர் சுவரில் போய் மோதும். அந்த மோதலுக்கு 0.25 விநாடி விதி செல்லாது.